பொதுப் பொருளை வைக்கும் முறை



தோட்டத்தில் பால் நிறுக்கும் இடத்தை நாம் எல்லாரும் அறிவோம். வெட்டுக்காரர் எத்தனை பேர் வாளியோடு வந்து நின்றாலும் தராசு ஒன்றுதான். எடையை எழுதும் ஏடும் ஒன்றுதான். மண்டோர் கையில் ஒரு கணக்கும் கிராணி கையில் வேறொரு கணக்கும் இருந்தால் சம்பள நாளன்று என்ன நடக்கும் என்பதை உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. செம்பனைத் தோட்டத்தில் குலைக் கணக்கும் அப்படித்தான். பலருக்கும் பொதுவான பொருள் ஒன்று இருந்தால், அதை எங்கே வைப்பது, யார் பொறுப்பில் வைப்பது, யார் தொடலாம், எப்போது மூடுவது என்ற கேள்விகள் உடனே எழுகின்றன.

இதே கேள்விகள் நம் சட்டைப் பையில் உள்ள கைப்பேசிக்குள்ளும் எழுகின்றன. கைப்பேசிச் செயலிகளை எழுதுவோர் சில பொருள்களைப் பொதுவாக அமைக்கிறார்கள். அவற்றை ஒழுங்காக வைக்காவிட்டால் என்ன கேடு வரும், ஒழுங்காக வைப்பது எப்படி என்பதே இன்றைய பேச்சு. இது பொறியாளருக்கு மட்டும் உரிய செய்தி என்று எண்ணி வானொலியை அணைத்துவிடாதீர்கள். இதனால் நம் தோட்டத்தில் ஒரு குழந்தை அடி வாங்கியிருக்கிறது.

பெயர் மாறியது, கணக்கு மாறவில்லை

நாம் பணியாற்றும் தோட்டப் பள்ளியில், பெற்றோர் தம் பிள்ளைகளின் வருகையையும் மதிப்பெண்ணையும் கைப்பேசியில் பார்ப்பதற்கென ஒரு செயலி சில ஆண்டுகளுக்கு முன் வந்தது. பிள்ளையின் எண்ணையும் கடவுச்சொல்லையும் கொடுத்து உள்ளே நுழைய வேண்டும். பார்த்து முடித்ததும் 'வெளியேறு' என்ற பொத்தானை அழுத்த வேண்டும்.

லயத்தில் ஒரு குடும்பம். தந்தை குலை வெட்டுபவர். தாய் நாற்றுமேடையில் வேலை. மகன் ஆறாம் ஆண்டிலும் மகள் மூன்றாம் ஆண்டிலும் படித்தார்கள். வீட்டில் கைப்பேசி ஒன்றுதான். மகன் அந்த மாதம் ஆறு நாள் பள்ளிக்கு வராமல் நண்பர்களோடு ஆற்றுக்குப் போயிருந்தான். பயம் வந்து, ஒரு மாலையில் தன் கணக்கைத் திறந்து பார்த்துவிட்டு வெளியேறினான். இரவு தந்தை மகளின் கணக்கைத் திறந்தார். மேலே மகளின் பெயர் இருந்தது. கீழே 'ஆறு நாள் வரவில்லை' என்று இருந்தது.

சிறுமி, "நான் தினமும் போனேன், அப்பா" என்று சொல்லியிருக்கிறாள். தந்தை பிள்ளை சொன்னதை நம்பவில்லை. கைப்பேசி சொன்னதை நம்பினார். பிரம்பு பேசியது. அண்ணன் மூலையில் வாய் திறக்காமல் நின்றான்.

மறுநாள் தாய் மகளை அழைத்துக்கொண்டு பள்ளிக்கு வந்தார். உண்மையைச் சொல்வதானால், நாமும் முதலில் அந்தத் தாயிடம், "சரியாகத்தான் பார்த்தீர்களா?" என்றே கேட்டோம். பிறகு வருகைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தோம். சிறுமி ஒரு நாளும் தவறவில்லை. கைப்பேசியை வாங்கி நாமே செய்து பார்த்தோம். மகனின் கணக்கைத் திறந்தோம், வெளியேறினோம், மகளின் கணக்கைத் திறந்தோம். பெயர் மாறியது; கணக்கு மாறவில்லை.

அடுத்த விடுமுறையில் நாம் சிங்கப்பூருக்குப் போக வேண்டியிருந்தது. நம்மிடம் படித்த மாணவி ஒருத்தி அங்கே தஞ்சோங் பகார் பகுதியில் ஓர் அலுவலகத்தில் செயலி எழுதும் வேலை செய்கிறாள். அவளிடம் இதைச் சொன்னோம். அவள் சற்றும் வியப்படையவில்லை. "டீச்சர், இது எங்கள் தொழிலில் மிகப் பழைய தவறு. பொதுப் பொருளை வைத்த இடம் சரியில்லை" என்றாள். தேநீர் ஆறும் வரை அவள் விளக்கியதையும், பின்னர் நாம் படித்து அறிந்ததையும் இங்கே தொகுத்துச் சொல்கிறோம்.

பொருள் என்பது என்ன?

கைப்பேசி செய்ய வேண்டிய வேலைகளைக் கட்டளைகளாக எழுதி வைத்ததே நிரல். அந்த நிரலில் 'பொருள்' என்பது, சில செய்திகளைத் தன்னிடம் வைத்துக்கொண்டு சில வேலைகளையும் செய்யத் தெரிந்த ஒரு பகுதி. செக்ரோல் ஏட்டையும் அதை எழுதும் கிராணியையும் சேர்த்து ஒன்றாக நினைத்துக்கொள்ளுங்கள், அதுதான் பொருள்.

ஒரு செயலியில் பல திரைகள் இருக்கும். ஒரு திரையில் மதிப்பெண், ஒரு திரையில் வருகை, ஒரு திரையில் அறிவிப்பு. ஒவ்வொரு திரைக்கும் சொந்தமான பொருள்கள் உண்டு. திரையை மூடினால் அவையும் போய்விடும். ஆனால் சில பொருள்கள் எல்லாத் திரைகளுக்கும் வேண்டும். உள்ளே நுழைந்திருப்பவர் யார் என்னும் குறிப்பு, கைப்பேசிக்குள் இருக்கும் தரவுக் களஞ்சியம், தொலைவில் உள்ள கணினியோடு பேசும் இணைப்பு, மொழி, எழுத்தின் அளவு போன்ற விருப்பங்கள் ஆகியவை அத்தகையவை. இவையே பொதுப் பொருள்கள்.

இவற்றைத் திரைக்கு ஒன்றாகச் செய்துகொண்டால் என்ன? களஞ்சியத்தையே எடுத்துக்கொள்வோம். ஆண்ட்ராய்டு கைப்பேசிகளிலும் ஐபோன்களிலும் உள்ளே தரவைச் சேமிக்கப் பெரிதும் பயன்படுவது எஸ்கியூலைட் என்ற மென்பொருள். ரிச்சர்டு ஹிப் என்பவர் உருவாக்கி 2000ஆம் ஆண்டில் வெளியிட்டது அது. அதன் ஒரு களஞ்சியத்தில் ஒரே நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும். ஐந்து திரைகள் ஐந்து தனித்தனிக் கதவுகளைத் திறந்துகொண்டு எழுத வந்தால், ஒருவர் எழுதும்போது மற்றவருக்கு 'களஞ்சியம் பூட்டியிருக்கிறது' என்ற பதில் வரலாம். நிரல் எழுதியவர் அந்தப் பதிலுக்கு வழி செய்திராவிட்டால், எழுத வந்த கணக்கு எழுதப்படாமலே போகும். ஆகவே களஞ்சியத்திற்குக் கதவு ஒன்றே இருக்க வேண்டும். எல்லாரும் அதன் வழியே வர வேண்டும்.

யாரும் தொடலாம் என்றால்

ஒன்றே போதும் என்று முடிவு செய்தோம். அதை எங்கே வைப்பது? எல்லாரும் எளிதாக எடுக்க நடுக்கூடத்தில் வைத்துவிடலாம் என்றே முதலில் தோன்றும். நிரலாளர்களும் அப்படித்தான் வைத்தார்கள். எங்கிருந்தும் பார்க்கலாம், எங்கிருந்தும் மாற்றலாம் என்ற முறை அது.

1973ஆம் ஆண்டிலேயே வில்லியம் உல்ஃப், மேரி ஷா என்ற இரு கணினி அறிஞர்கள், இப்படி எங்கும் பரந்து கிடக்கும் மாறிகள் தீங்கானவை என்று ஒரு கட்டுரை எழுதினார்கள். காரணம் எளியது. ஆயாக்கொட்டகைச் சாவியை வாசல் ஆணியில் மாட்டி வைத்தால் எல்லாருக்கும் வசதிதான். ஒருநாள் உள்ளே பால்மாவு குறைந்தால் யாரைக் கேட்பது? நிரலிலும் ஒரு பொதுப் பொருளின் மதிப்பு தவறாக இருந்தால், அதைத் தொட்டிருக்கக்கூடிய ஒவ்வொரு வரியையும் தேட வேண்டியிருக்கும்.

1994இல் எரிக் காமா, ரிச்சர்டு ஹெல்ம், ரால்ஃப் ஜான்சன், ஜான் விலிசிடிஸ் என்னும் நால்வர் 'டிசைன் பேட்டர்ன்ஸ்' என்ற நூலை வெளியிட்டார்கள். நிரல் எழுதுவதில் அடிக்கடி வரும் சிக்கல்களுக்கு 23 அமைப்பு முறைகளை அந்நூல் வகுத்துச் சொன்னது. அவற்றுள் ஒன்று 'சிங்கிள்டன்'. ஒரு பொருளை ஒருமுறைதான் உண்டாக்க முடியும், அதைப் பெறுவதற்கு அறியப்பட்ட வாசல் ஒன்றே உண்டு என்பது அதன் விதி. இன்று ஆண்ட்ராய்டு செயலிகள் எழுதப் பயன்படும் கோட்லின் மொழியில் 'ஆப்ஜெக்ட்' என்ற ஒரு சொல்லை எழுதினாலே இத்தகைய ஒற்றைப் பொருள் உண்டாகிவிடும். ஐபோன் நிரல்களிலும் 'ஷேர்டு', 'ஸ்டாண்டர்டு', 'டிஃபால்ட்' என்ற பெயர்களோடு ஆப்பிள் நிறுவனமே பல ஒற்றைப் பொருள்களைச் செய்து தந்திருக்கிறது.

இது நல்ல முறைதான். ஆயினும் இதிலும் மூன்று குழிகள் உள்ளன. அந்த மூன்றையும் விளக்க, மாணவியின் அலுவலகத்திற்கு அருகிலேயே ஒரு நல்ல எடுத்துக்காட்டு இருந்தது. அது தஞ்சோங் பகார் ரயில் நிலையம்.

முதற்குழி: இருவர் ஒரே நேரத்தில் வருவது

ஜொகூர் தோட்டங்களில் வாழ்ந்த மூத்தவர்களுக்கு அந்த நிலையத்தை நினைவூட்ட வேண்டியதில்லை. 1932ஆம் ஆண்டு மே மாதம் திறக்கப்பட்ட நிலையம் அது. முகப்பில் வேளாண்மை, தொழில், வணிகம், போக்குவரத்து ஆகியவற்றைக் குறிக்கும் நான்கு சிலைகள் நிற்கின்றன. உள்கூடத்துச் சுவர்ச் சித்திரங்களில் நெல் நடவும் ரப்பர் பால்வெட்டும் இருக்கின்றன. நம் பாட்டன்மார் செய்த வேலை அந்தச் சுவரில் இருக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 2011 ஜூன் 30ஆம் நாளோடு அங்கு ரயில் நின்றது.

நாம் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்த காலத்தில் குளுவாங்கிலிருந்து அந்த ரயிலில் சில முறை சென்றிருக்கிறோம். சிங்கப்பூருக்குள் அந்தப் பாதை ஒற்றைத் தண்டவாளம். ஒரே பகுதிக்குள் எதிரெதிராக இரண்டு வண்டிகள் நுழைந்தால் விபத்துதான். அதைத் தடுக்க ஒரு பழைய முறை இருந்தது. வழியில் உள்ள புக்கித் தீமா நிலையத்தை நெருங்கும்போது வண்டி மெதுவாகும். நிலையப் பணியாளர் ஒரு பெரிய வளையத்தை நீட்டுவார். ஓட்டுநர் அதை வாங்கிக்கொண்டு, தம்மிடம் இருந்த வளையத்தைத் தருவார். அந்த வளையத்தில் தொங்கும் பைக்குள் ஒரு சாவி டோக்கன் இருக்கும். அந்தப் பகுதிக்குரிய டோக்கன் கையில் இருந்தால்தான் ஓட்டுநர் அதற்குள் வண்டியைச் செலுத்தலாம்.

ஒரு பகுதியின் இரு முனைகளிலும் டோக்கன் வைக்கும் பெட்டி உண்டு. இரண்டும் மின்கம்பியால் இணைந்தவை. ஒரு முனையில் ஒரு டோக்கனை எடுத்துவிட்டால், அது திரும்ப வைக்கப்படும் வரை இரு முனைகளிலும் வேறு டோக்கன் வெளியே வராது. நிலைய அதிகாரி மறந்தாலும் பெட்டி மறக்காது. 2011இல் அந்தப் பாதை மூடப்படும் வரை இந்த டோக்கன் மாற்றம் புக்கித் தீமாவில் நடந்துகொண்டிருந்தது.

இப்போது கைப்பேசிக்கு வருவோம். செயலிக்குள் ஒரே நேரத்தில் பல வேலைகள் நடக்கின்றன. ஒரு வேலை திரையைக் காட்டிக்கொண்டிருக்கும். இன்னொரு வேலை பின்னால் இருந்து தரவை இறக்கிக்கொண்டிருக்கும். இரண்டும் ஒரே கணத்தில் வந்து, "களஞ்சியப் பொருள் இருக்கிறதா?" என்று பார்க்கின்றன. இன்னும் இல்லை. உடனே இரண்டும் ஆளுக்கு ஒன்றைச் செய்துவிடுகின்றன. ஒன்றே இருக்க வேண்டிய இடத்தில் இப்போது இரண்டு. புதிய மாதம் பிறந்த காலையில் இரண்டு கிராணிகள் ஒருவரை ஒருவர் அறியாமல் ஆளுக்கொரு புதிய செக்ரோலைத் தொடங்கியது போன்றது இது. இத்தகைய தவறு நாள்தோறும் வராது. நூற்றில் ஒருமுறை வரலாம். அதனால்தான் கண்டுபிடிப்பது கடினம்.

இதற்கு மருந்து டோக்கன்தான். நிரலாளர்கள் அதைப் 'பூட்டு' என்கிறார்கள். பொருளை முதன்முதலில் உண்டாக்கும் பகுதிக்கும், அதன் உள்ளே உள்ள கணக்கை மாற்றும் பகுதிக்கும் பூட்டுப் போட வேண்டும். பூட்டை வாங்கியவர் வேலை முடிந்ததும் தவறாமல் திருப்பித் தர வேண்டும். டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டே ஓட்டுநர் வீட்டுக்குப் போய்விட்டால் பாதை முழுவதும் நின்றுவிடும் அல்லவா? செயலி சில வேளை அசையாமல் உறைந்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். மேலே சொன்ன கோட்லின் 'ஆப்ஜெக்ட்' முறையில், உண்டாக்கும் நேரத்துப் பூட்டை மொழியே பார்த்துக்கொள்கிறது. உள்ளே உள்ள கணக்கை மாற்றும்போது வேண்டிய பூட்டை எழுதுபவரே போட வேண்டும்.

இரண்டாம் குழி: வரிசை மாறுவது

அதே நிலையத்தில் இன்னொரு விந்தையும் நடந்தது. 1998 ஆகஸ்டு முதல் நாளன்று சிங்கப்பூர் அரசு தன் ரயில் குடிநுழைவுச் சோதனையை உட்லண்ட்சுக்கு மாற்றியது. மலேசியாவின் குடிநுழைவுச் சோதனையோ தஞ்சோங் பகாரிலேயே இருந்தது. ஆகவே வடக்கே வரும் பயணி, முதலில் தஞ்சோங் பகாரில் மலேசியாவுக்குள் நுழையும் சோதனையை முடித்துவிட்டு, அதன்பின் உட்லண்ட்ஸ் வந்து சிங்கப்பூரை விட்டு வெளியேறும் சோதனையைச் செய்ய வேண்டியிருந்தது. ஒரு வீட்டை விட்டு வெளியே வருமுன்பே அடுத்த வீட்டுக்குள் நுழைந்ததாகக் கணக்கு! 2011 ஜூலையில் இரண்டு சோதனைகளும் உட்லண்ட்சில் அமைந்த பிறகுதான் இந்த வரிசை நேரானது.

மனிதர் நடத்தும் சோதனையில் வரிசை மாறினாலும் சமாளித்துவிடலாம். இரு பக்க அதிகாரிகளுக்கும் நிலைமை தெரியும், பயணிக்கும் தெரியும். நிரலில் அப்படி யாரும் இல்லை. வருகைக் கணக்குப் பொருள் பிறக்கும்போது, "உள்ளே நுழைந்திருப்பவர் யார்?" என்று பயனர் பொருளைக் கேட்கும். பயனர் பொருள், "கடவுக் குறிப்பைக் கொடு" என்று களஞ்சியத்தைக் கேட்கும். களஞ்சியம் இன்னும் திறக்கப்படவில்லை என்றால், வரும் பதில் வெறுமை. செயலி திறந்தவுடன் மூடிக்கொள்வதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பல வேளை காரணம் இதுதான்.

எனவே எது முதலில், எது பின்னர் என்பதை ஓரிடத்தில் எழுதி வைக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் 'அப்ளிகேஷன்' என்ற ஒரு பொருள் உண்டு. எந்தத் திரையும் பிறக்குமுன் அது பிறந்துவிடும். அங்கே ஒரு வரிசையாகப் பொதுப் பொருள்களை அமைக்கலாம். முதலில் களஞ்சியம், அடுத்து விருப்பங்கள், அடுத்து இணைப்பு, அதன்பின் பயனர். காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டு, ஆளைப் பிரித்து, நிரை காட்டிய பிறகே வெட்டுக் கத்தி வெளியே வருவது போல.

மூன்றாம் குழி: ஆயுள் தெரியாமல் வைப்பது

நம் சிறுமி விழுந்த குழி இதுதான். அந்தச் செயலியில் வருகைக் கணக்குப் பொருள் 'சிங்கிள்டன்' முறையில் அமைந்திருக்க வேண்டும் என்று மாணவி சொன்னாள். செயலி திறக்கும்போது அது ஒருமுறை பிறக்கும். செயலி மூடும் வரை உயிரோடு இருக்கும். முதலில் நுழைந்த மகனின் கணக்கை இணைப்பின் வழியே வாங்கித் தன்னிடம் வைத்துக்கொண்டது. மகன் 'வெளியேறு' என்றதும் பயனரின் பெயர் மட்டும் அழிந்தது. வருகைக் கணக்குக்கு அந்தச் செய்தியை யாரும் சொல்லவில்லை. மகள் நுழைந்ததும், "என்னிடம்தான் கணக்கு இருக்கிறதே" என்று பழையதையே எடுத்துக் காட்டியது.

"டீச்சர், பொதுப் பொருள்களை எல்லாம் ஒரே தட்டில் அடுக்கியதுதான் தவறு. தட்டு மூன்று வேண்டும்" என்றாள் அவள். மூன்றையும் இங்கே சொல்கிறோம்.

முதல் தட்டு, செயலியின் ஆயுள் முழுவதும் இருப்பவை: களஞ்சியத்தின் கதவு, இணைப்பு, மொழி விருப்பம். இவை எந்தப் பயனருக்கும் சொந்தமல்ல.

இரண்டாம் தட்டு, ஒரு பயனர் நுழைந்தது முதல் வெளியேறும் வரை இருப்பவை: அவருடைய பெயர், கடவுக் குறிப்பு, வருகை, மதிப்பெண். வெளியேறியதும் இந்தத் தட்டையே அப்படியே எடுத்து வெளியே கொட்டிவிட வேண்டும். ஒவ்வொன்றாகத் தேடித் துடைக்க நினைத்தால் ஒன்றாவது மறந்துபோகும். நுழையும் அடுத்தவருக்குப் புதிய தட்டு.

மூன்றாம் தட்டு, ஒரு திரை திறந்திருக்கும் வரை இருப்பவை. இவை உண்மையில் பொதுப் பொருளே அல்ல. அந்தத் திரையோடு போக வேண்டியவை. முதல் தட்டில் உள்ள பொருள் ஒன்று மூன்றாம் தட்டில் உள்ள திரையை விடாமல் பிடித்துக்கொண்டால், மூடிய திரையும் நினைவகத்தை விட்டுப் போகாது. கைப்பேசி நேரம் செல்லச் செல்ல மந்தமாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்படித் தட்டுகளைப் பிரித்துத் தரும் கருவிகளும் உண்டு. ஆண்ட்ராய்டுக்காக கூகிள் நிறுவனம் 2020இல் வெளியிட்ட 'ஹில்ட்' அத்தகையது. செயலி முழுமைக்கும் ஒரு தட்டு, திரைக்கு ஒரு தட்டு என்று அது ஆயத்தமாகத் தருகிறது. ஆனால் பயனர் நுழைந்து வெளியேறும் காலத்துக்கான தட்டை அது தானாகத் தருவதில்லை. எழுதுவோரே அமைத்துக்கொள்ள வேண்டும். அந்த இடத்தில்தான் பலர் சோம்பி, வருகைக் கணக்கை முதல் தட்டிலேயே வைத்துவிடுகிறார்கள். கைப்பேசி ஆளுக்கு ஒன்று உள்ள வீட்டில் இந்தத் தவறு வெளியே தெரியவே தெரியாது. வீட்டுக்கு ஒரு கைப்பேசி உள்ள லயத்தில்தான் தெரியும். எழுதுவோர் தம் மேசையிலிருந்து மட்டும் உலகத்தைப் பார்த்தால் வரும் கேடு இது.

கரும்பலகையும் பதிவேடும்

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பொதுப் பொருள் வாழ்வது நினைவகத்தில். நினைவகம் நம் வகுப்புக் கரும்பலகை போன்றது. நீங்கள் செயலியை விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போனால், இடம் போதாதபோது கைப்பேசி அந்தச் செயலியை ஓசையின்றி நிறுத்திவிடும். ஆண்ட்ராய்டும் ஐபோனும் இரண்டுமே இப்படிச் செய்யும். நீங்கள் திரும்பி வரும்போது ஆண்ட்ராய்டு நீங்கள் கடைசியாகப் பார்த்த திரையையே மீண்டும் எழுப்பித் தர முயலும். திரை பழைய திரைதான். பொதுப் பொருள்கள் மட்டும் புதிதாய்ப் பிறந்து வெறுமையாய் இருக்கும். பாதி நிரப்பிய விண்ணப்பம் காணாமற் போவது பெரும்பாலும் இப்படித்தான்.

ஆகவே இழக்கக் கூடாத செய்தியைக் கரும்பலகையில் மட்டும் எழுதி வைக்கக் கூடாது. அவ்வப்போது பதிவேட்டிலும், அதாவது களஞ்சியத்திலும், எழுதிவிட வேண்டும். பொதுப் பொருள் மீண்டும் பிறக்கும்போது பதிவேட்டைப் பார்த்துத் தன்னை நிரப்பிக்கொள்ள வேண்டும்.

கேட்டு வாங்குவதும் கையில் கொடுப்பதும்

இறுதியாக ஒரு நல்ல பழக்கம். ஒரு திரை தனக்கு வேண்டிய பொருளைத் தானே நடுக்கூடத்துக்கு ஓடிப்போய் எடுத்துக்கொள்ளலாம். அல்லது, திரை பிறக்கும்போதே, "எனக்கு இன்ன இன்ன பொருள்கள் வேண்டும்" என்று வாசலில் எழுதி வைக்கலாம். அமைப்பவர் அவற்றைக் கையில் கொடுத்து உள்ளே அனுப்புவார். இரண்டாவது முறையை மார்ட்டின் ஃபௌலர் என்பவர் 2004இல் எழுதிய ஒரு கட்டுரை தெளிவாக விளக்கியது. 'டிபென்டன்சி இன்ஜெக்ஷன்' என்று அதற்குப் பெயர். தமிழில் 'சார்புப் பொருளைக் கையளித்தல்' என்று சொல்லலாம்.

இதில் என்ன நன்மை? கடைக்குப் போகும் பிள்ளையிடம் பட்டியலைக் கையில் கொடுத்தால், என்ன வாங்கப் போகிறான் என்பது எல்லாருக்கும் தெரியும். அதுபோல எந்தத் திரை எந்தப் பொதுப் பொருளை நம்பியிருக்கிறது என்பது வெளிப்படையாகத் தெரிகிறது. பிறப்பின் வரிசையும் அதிலிருந்தே விளங்குகிறது. சோதனை செய்வதும் எளிது. மெய்யான களஞ்சியத்துக்குப் பதிலாக, இரண்டு பிள்ளைகளின் கற்பனைக் கணக்கை வைத்த ஒரு போலிக் களஞ்சியத்தைக் கையில் கொடுக்கலாம். ஒரு பிள்ளை நுழைந்து வெளியேறி, அடுத்த பிள்ளை நுழையும்போது என்ன தெரிகிறது என்று ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். அந்தச் செயலியை எழுதியவர்கள் இந்த ஒரு சோதனையைச் செய்திருந்தால் நம் சிறுமி பிரம்படி பட்டிருக்க மாட்டாள்.

நாம் செய்யக்கூடியவை

நேயர்களே, செயலியை எழுதுபவர் வேறு. பயன்படுத்தும் நாம் வேறு. ஆயினும் நம் பங்குக்குச் சிலவற்றைச் செய்யலாம்.

ஒரே கைப்பேசியில் குடும்பத்தில் பலர் கணக்குகளைத் திறப்பதாயின், மேலே உள்ள பெயரை மட்டும் பார்க்காதீர்கள். கீழே உள்ள விவரமும் அந்த ஆளுக்குரியதுதானா என்று பாருங்கள். ஐயம் வந்தால் 'வெளியேறு' என்பதோடு நில்லாமல், செயலியை முழுவதுமாக மூடிவிட்டு மீண்டும் திறந்து பாருங்கள். அப்போது பொதுப் பொருள்கள் புதிதாகப் பிறக்கும். பழைய கணக்கு மறைந்து சரியான கணக்கு வந்தால், தவறு நினைவகத்தில் இருந்தது என்று அறியலாம். முறையிடும்போது, "செயலி கெட்டுவிட்டது" என்று மட்டும் சொல்லாமல், முதலில் எதைச் செய்தீர்கள், அடுத்து எதைச் செய்தீர்கள், அதன்பின் என்ன தெரிந்தது என்று வரிசையாகச் சொல்லுங்கள். அந்த வரிசைதான் பொறியாளருக்கு வழிகாட்டும்.

நாமும் அப்படித்தான் மூன்று வரியில் எழுதி அனுப்பினோம். சில வாரங்களில் திருத்திய செயலி வந்தது. இரண்டு பிள்ளைகளின் கணக்கையும் மாற்றி மாற்றித் திறந்து பார்த்தோம். சரியாக இருந்தது.

அந்தத் தந்தை இப்போது மாதக் கடைசியில் கைப்பேசியைத் திறக்குமுன், "இந்த மாதம் எத்தனை நாள் போனாய்?" என்று மகளிடம் முதலில் கேட்கிறாராம். அவள் விரல்விட்டு எண்ணிச் சொன்ன பிறகுதான் திரையைப் பார்க்கிறாராம். அண்ணனும் இப்போது ஆற்றுப் பக்கம் போவதில்லை என்று கேள்வி.

உங்கள் பிள்ளைகளில் யாரேனும் நாளை செயலி எழுதும் தொழிலுக்குப் போகலாம். தஞ்சோங் பகாரிலோ ஜொகூர் பாருவிலோ ஒரு மேசையின் முன் அமர்ந்து பொதுப் பொருள் ஒன்றை அமைக்கும்போது, இது யாருக்குச் சொந்தம், எப்போது பிறக்கிறது, எப்போது போக வேண்டும் என்று அவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். பால் நிறுக்கும் இடத்தில் நின்றவரின் பிள்ளைகளுக்கு இந்தக் கேள்விகள் புதியவை அல்ல.